மயிலு தலைக்கு மேல கோடு கெடையாது

காட்டுப்பன்னிய ஒத்தையில நின்னு வெரட்டுனவன் நான். அதுவும் பத்து வயசுல. கைல ஒரு குச்சி கூட கெடையாது. சந்தேகம்னா எங்க ஊரு டீக்கடைல போயி கேளுங்க. ஆமா, அந்தப் பயதான் வெரட்டுனான்னு பெரிய ஆளுகளே சொல்லுவாவ.

பொய்யி. அவிய சொல்லுததுல பொய்யில்ல, அவியகிட்ட நான் சொன்னதுதான் பொய்யி. பன்னி வந்தப்ப நான் உடைமரத்து மேல இருந்தேன். உடைமரம்னா வெரல் நீளத்துக்கு வெள்ள முள்ளு. அதுல வெறுங்காலோட ஏறுனவன் இந்தக் கரிசக்காட்டுலயே ஒருத்தந்தான், அவன நான் தெனம் கண்ணாடில பாக்கேன். பின்னால எத்தன முள்ளு ஏறுச்சுன்னு கேக்காதிய. எனக்குக் கணக்கு வராது. ஏழாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதல குடுத்தாச்சு.

இப்ப எதுக்கு இத எடுக்கேன்னா, அண்ணன் மகன் இந்தா பக்கத்துல உக்காந்து என் செல்போன நோண்டுதான். லோடு ஆட்டோ ஓட்டிட்டு வந்து கால நீட்டுனா போதும், போன் அவன் கைக்குப் போயிரும். அதுல ரெண்டு மிருகம் சண்ட போடுது. ஒண்ணு தீயக் கக்குது. இன்னொண்ணு மலையப் பேத்து எடுத்து அது மண்டைல போடுது. போட்ட பெறவும் அது தலைய ஒரு உலுப்பு உலுப்பிட்டு எந்திரிக்கி.

"சித்தப்பா, மலையவே தூக்கிப் போட்டும் இது ஏன் சாவ மாட்டேங்கு?"

இவன் கேக்க ஆளப் பாருங்க. ஊர்ல எத்தனையோ வாத்தியார் இருக்காவ.

ஆனா அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். இருவது வருசத்துக்கிட்ட அது என்கூடத்தான் சுத்துது. இவன் அம்மா, எங்க மதினி, உள்ள கிரைண்டர்ல மாவாட்டுதாவ. அந்தச் சத்தத்துல நான் பேசுதது அவியளுக்குக் கேக்காது. அதனாலதான் வாயத் தொறக்கேன்.

அந்த வருசம் அரையாண்டு லீவுக்குத் தூத்துக்குடில இருந்து பெரியம்மா மகன் வந்தான். என்னைய விட ரெண்டு வயசு மூப்பு. அவிய அப்பா கப்பல்ல வேல. அதனால அவன் கைல ஒரு கேம் பெட்டி இருந்துச்சு, சோப்பு டப்பா தண்டிக்கு. உள்ள பூராம் சண்டக்கார மிருகம். நாம பின்னால நின்னுக்கிடணும். "கடி", "பாய்"னு பட்டன அமுக்கணும், அது செய்யும். ஒவ்வொண்ணு தலைக்கு மேலயும் ஒரு பச்சக்கோடு. அடி வாங்க வாங்க கோடு கொறையும். மஞ்சளாவும், பெறவு செவப்பாவும். கோடு தீந்தா தொப்புனு விழும்.

மொத தடவ விழுந்தப்ப நான் அழுதுட்டேன். அவன் சிரிச்சான்.

"ஏலே கூமுட்ட, அது சாவலலே. மயக்கம்."

"இடி விழுந்துச்சேல."

"இடி விழுந்தாலும் மயக்கந்தான். இந்தா, உருண்டைக்குள்ள போட்டு மூடு. ஆஸ்பத்திரில குடு. டிங் டிங் டிங்னு ஒரு பாட்டு வரும். எந்திரிச்சிரும் பாரு."

எந்திரிச்சிட்டு. பச்சக்கோடு முழுசா இருந்துச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. ஏன் சாவலன்னு அவனப் போட்டுக் கொடஞ்சேன். தோலு கெட்டியாங்கேன், இல்லங்கான். மந்திரமாங்கேன், இல்லங்கான். கடைசில எரிச்சல் வந்து சொன்னான், "ரெண்டுக்கும் ஒரு பேச்சு இருக்கும்லே, என்ன அடிச்சாலும் உசுர மட்டும் எடுக்கக் கூடாதுன்னு."

அத நான் அப்படியே நம்புனேன். படிக்காதவன் நம்புனா பாறைல எழுதுன மாதிரி.

அந்தப் பெட்டில தப்பிச்சு ஓடுததுக்கும் ஒரு பட்டன் உண்டு. அத நான் அமுக்கப் போனேன், கைல ஒரு அடி போட்டான். "தோத்தாங்குளி அமுக்குத பட்டன்லே அது." பத்து நாளு லீவுல பெறவு அந்தப் பட்டன நான் தொடவே இல்ல.

இப்ப மயிலு.

மயிலு கன்னி நாயி. கன்னின்னா எங்க பக்கத்து வேட்டநாய்ச் சாதி. கருப்பு ஒடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு செம்பட்டப் பொட்டு, வயித்தப் பாத்தா இருக்கா இல்லையான்னு தெரியாது. அவ்வளவு ஒட்டல். முயலப் பாத்துட்டா கரிசல்ல அம்பு விட்ட மாதிரிப் போவும். மதினி கூட வந்தது அது. மதினி ஊரு கழுகுமலப் பக்கம். அவிய வீட்ல நாய விக்க மாட்டாவ. மகளக் கட்டிக்குடுக்கும்போது அண்டா குண்டாவோட ஒரு பொட்டக்குட்டியக் கைல குடுத்து விடுவாவ. ஒரே ஒரு பேச்சு: மொத ஈத்துல ஒரு குட்டிய அந்தப் பொண்ணே கொண்டுவந்து தாய்வீட்டுல விடணும். அது சத்தியம். மீற முடியாது.

கல்யாணத்தன்னைக்கே ரெண்டு வீட்டுக்கும் சண்ட. என்ன சண்டன்னு கேட்டா நீங்க சிரிப்பிய. பந்தியில எங்க பெரியப்பா எலைக்கு அப்பளம் வரல. வந்த அப்பளமும் நொறுங்கிப் போயி வந்துச்சாம். அவ்வளவுதான். எங்க அப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டாவ. இனிமே எங்க வீட்டு ஆளு அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுட்டாவ. எங்க வீட்டு ஆளுன்னா அதுல மதினியும் சேத்தி. ஒரு அப்பளத்துக்கு இம்புட்டு பெலம் உண்டுன்னு அப்பளம் போட்டவனுக்கே தெரியாது.

மதினி சண்ட போடல. மொகத்தத் தூக்கல. காலைல தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏறிப் போவாவ, அஞ்சு மணிக்கு வந்து எறங்குவாவ. வேன் சத்தம் கேட்டதும் மயிலு ரோட்டுக்கு ஓடும். தூக்குச்சட்டில மிச்சம் வச்ச சோத்த அங்கனயே அதுக்குப் போடுவாவ. என்னமோ காதுல சொல்லுவாவ. நாயோட பேசுதாவளேன்னு நாங்க கேலி பண்ணுவோம். அந்த வீட்ல வேற யாருகூடப் பேசுனாவ? இப்ப யோசிச்சா ஒரு பேரும் ஞாபகம் வரல.

மார்கழில மயிலுக்குத் தனியா பால் ஊத்துனாவ. அவிய பங்கு முட்டைய ஒளிச்சுக் குடுத்தாவ. மயிலு ஒரு சுத்து பெருத்துட்டு. மினுமினுன்னு ஆயிட்டு. ஓட்டம் கொறஞ்சு, நடை வந்துட்டு.

ஆடு சினைன்னா தூரத்துல பாத்தே சொல்லிருவேன் நான். மாடுன்னா மாசமே சொல்லுவேன். ஆனா மண்டை பூராம் கேம் பெட்டி. மயிலப் பாத்து எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? லெவல் ஏறிருக்கு. கேம்ல அப்படித்தான், சண்ட போடப் போட மிருகம் பெருக்கும், பெறவு பெரிய மிருகமா மாறும். நம்ம மயிலும் மாறப் போவுதுன்னு பள்ளிக்கூடத்துல அஞ்சு பயகிட்ட சொல்லி வச்சேன்.

லீவு முடிஞ்சு பெரியம்மா மகன் போயிட்டான். பெட்டியும் போயிட்டு. எனக்குக் கை பறபறங்கு.

அப்ப மக்காச்சோளம் கதிரு பால் பிடிச்சிருந்த நேரம். பன்னிக் கூட்டம் ஓடைல வேலிக்கருவைக்குள்ள கெடந்து, பொழுதடைய வந்து உழுது போட்டுட்டுப் போவும். புஞ்சையச் சுத்திப் பழைய சேலையாக் கட்டி வச்சிருப்போம். கலர் கலரா ஆடும். பாத்தா கல்யாண வீடு மாதிரி இருக்கும், அப்பளம் மட்டும்தான் கொற. பகல்ல பன்னி வராது, கிளிதான் வரும். காலைல போயி தகரத்தத் தட்டிக் கிளிய வெரட்டிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுதது என் வேல.

அன்னைக்கி வேன்ல ஏறும்போது மதினி சொன்னாவ, "கொழுந்தனாரே, மயிலக் கட்டிப் போட்ருக்கேன். அவுத்துறாதிய என்ன. காட்டுப் பக்கம் வேண்டாம்."

பத்து வயசுப் பயல வாங்க போங்கன்னு பேசுதது அந்த ஊர்லயே மதினி ஒருத்திதான். அந்த மரியாதைக்கே நான் சொன்ன பேச்சக் கேட்டிருக்கணும். வேன் தெரு மொனயத் தாண்டல, அதுக்குள்ள நான் கயத்த அவுத்துட்டேன்.

அப்பாவும் அண்ணனும் பூச்சி மருந்து வாங்கக் கோயில்பட்டிக்குப் போயிருந்தாவ. அம்மா நூறு நாள் வேலைக்கு. காட்டுல நானும் மயிலும் பனியுந்தான். தகரத்த ரெண்டு தட்டு தட்டுனேன். கிளி எந்திரிக்கல, பன்னி எந்திரிச்சிட்டு. சேலைக்கு அந்தப் பக்கம், ஒத்தப் பன்னி, பெரிசு. பன்னி நேரந்தவறி நின்னுட்டுன்னு நெனைக்கேன். நானும் நேரந்தவறிப் பொறந்தவந்தான்.

அது பாட்டுக்குப் போயிருக்கும். போவத்தான் திரும்புச்சு.

நான் வரப்பு மேல ஏறி நின்னேன். பின்னால நின்னுதான ஏவணும். கைய நீட்டி, "மயிலு, பாய்!"னேன்.

மயிலு போவல. திரும்பி என்னப் பாத்துச்சு. முயலுன்னா அது கேக்காமப் போயிருக்கும். இது முயலு இல்லன்னு அதுக்குத் தெரியுது. ஏவுன பயலுக்குத்தான் தெரியல. "பாய் மயிலு!"ன்னு காலால தரைய மிதிச்சேன். மதினி வீட்டு வளப்பு அது, சொன்னா கேக்கும். போச்சு.

ரெண்டு தடவ விலகுச்சு. நல்லாத்தான் விலகுச்சு. எனக்கு ஒரே குஷி. "கடி! கடி!"ங்கேன். மூணாவது தடவ அது மறுபடியும் திரும்பி என்னப் பாத்துச்சு. அந்தப் பார்வைல ஒரு கேள்வி இருந்துச்சு. போதுமா, வந்துரட்டான்னு. "வா"ன்னு ஒரு எழுத்து சொல்லிருந்தா போதும். நாலு கால் பாய்ச்சல்ல எங்கிட்ட வந்திருக்கும், பன்னி பிடிக்கவே முடியாது. ஆனா அது தோத்தாங்குளி பட்டனுல்லா. நான் சொல்லல.

அது என்னப் பாத்துட்டு இருக்கும்போதே பன்னி குத்திட்டு.

அந்தச் சத்தத்துக்குத்தான் நான் மரத்துல ஏறுனது. பன்னி என்னத் திரும்பியும் பாக்கல. மஞ்சச் சேலையக் கிழிச்சிட்டு ஓடைக்குள்ள போயிட்டு.

எறங்கி வந்து பாத்தேன். வெலாவுல கிழிசல். மூச்சு இருந்துச்சு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன், நீங்க நம்பணும். எனக்குப் பயமே வரல. தலைக்கு மேல கோடு எம்புட்டு இருக்கும்னு மனசுல ஒரு கணக்குப் போட்டேன். செவப்புதான், ஆனா கால்வாசி இருக்கும். சாவாது. உருண்டைக்குள்ள போட்டு மூடுனா எந்திரிச்சிரும்.

தோள்ல தூக்கிட்டு வந்தேன். எங்க வீட்ல உருண்டையா மூடுதது ஒண்ணுதான் உண்டு, கோழி அடைக்கிற பஞ்சாரம். கோழியெல்லாம் மேயப் போயிருந்துச்சு. சோளத்தட்டப் படப்புக்குப் பின்னால மயிலப் படுக்க வச்சு, பஞ்சாரத்தக் கவுத்து, மேல ஒரு கல்லத் தூக்கி வச்சேன். குனிஞ்சு அந்தப் பாட்டப் பாடுனேன். டிங் டிங் டிங். மூணு தடவ. உள்ள அது வால் தட்டுன சத்தம் கேட்டுச்சு.

வேல செய்யுதுன்னு நெனச்சேன்.

பெறவு சட்டையப் பாத்தா ரத்தம். வெளிப்பக்கத்த உள்ள திருப்பிப் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டேன். ஏன்னா அன்னைக்கி சத்துணவுல முட்ட. ஆமா, முட்டைக்குத்தான் ஓடுனேன். வேற காரணம் சொல்ல ஆசதான், ஒண்ணுங் கெடைக்கல. ஆனா பாதி முட்டையத் தாள்ல மடிச்சு மயிலுக்கு எடுத்து வச்சேன். டீச்சரு அன்னைக்கி என்ன நடத்துனாவன்னு தெரியாது. மத்த நாளும் தெரியாதுங்கது வேற விசயம்.

மாட்டாஸ்பத்திரி எங்க ஊர்ல இருந்து ஒரு மைல்தான். பத்து மணிக்கு டாக்டர் வந்துருவாவ. அடுத்த வருசம் மேலத்தெரு அண்ணாச்சி நாய இதே மாதிரி பன்னி குத்துச்சு. சைக்கிள்ல வச்சுக் கொண்டு போயித் தையல் போட்டாவ. அந்த நாயி அதுக்கு அப்புறமும் ஏழு வருசம் இருந்துச்சு. அந்த ஏழு வருசமும் நான் மேலத்தெரு வழியாப் போனதில்ல.

நாலு மணிக்கு வந்து கல்ல எறக்கிப் பஞ்சாரத்தத் தூக்குனேன்.

மயிலு திரும்பிப் படுத்திருந்துச்சு. நான் வச்ச பக்கம் இல்ல, ரோட்டுப் பக்கம். முன்னங்கால் எட்டுன தூரம் பூராம் கரிச மண்ணப் பறண்டி வச்சிருந்துச்சு. பஞ்சாரத்து மூங்கில் ரெண்டு கடிச்சு முறிஞ்சிருந்துச்சு. வெளிய வரப் பாத்திருக்கு. மேல கல்லு.

உசுரு இருந்துச்சு. என்னப் பாத்ததும் வால ஒரு தடவ ஆட்டுச்சு. நான் முட்டைய நீட்டுனேன். மோந்து பாத்துச்சு, திங்கல. என்னத் தாண்டி ரோட்டையே பாத்துச்சு. வேனு அஞ்சு மணிக்குத்தான். மயிலு நாலரை வரைக்குந்தான் இருந்துச்சு.

தலைக்கு மேல கோட்டத் தேடுனேன். சத்தியமா, கைய வச்சுத் தடவித் தேடுனேன்.

அப்பதான் பயம் வந்துச்சு. தூக்குனேன், காட்டுக்கே கொண்டு போயி கிழிஞ்ச மஞ்சச் சேலைக்குப் பக்கத்துல போட்டேன், கத்துனேன். ஆளு ஓடி வந்தாவ. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், பன்னி நின்னுச்சு, மயிலு முன்னால பாஞ்சிச்சு, ஒரே குத்து, அங்கனயே போயிட்டு, நாந்தான் பன்னிய வெரட்டுனேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். எனக்குப் பொய்யி மட்டும் மனப்பாடமா வரும். அண்ணன் என்னத் தோள்ல தூக்கிக்கிட்டான். டீக்கடைல எனக்கு ஓசில வடை குடுத்தாவ. தின்னேன்.

மதினி வேன்ல இருந்து எறங்கி நேரா வந்தாவ. கைல தீப்பெட்டி மருந்து வாட, தூக்குச்சட்டி. அழல. ஏன் அவுத்தியன்னு கேக்கல. பக்கத்துல உக்காந்து மயிலு வயித்து மேல கைய வச்சாவ. வச்ச கைய எடுக்கவே இல்ல. உண்ணி பாக்காவன்னு நெனச்சேன். செத்த நாயிக்கு எதுக்கு உண்ணி பாக்காவன்னு அதையும் நெனச்சேன்.

எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. "வலிச்சிருக்குமா தம்பி?"

"இல்ல மதினி. ஒரே குத்து."

"அந்த மட்டுக்கும் நல்லது,"ன்னாவ.

அன்னைக்கிச் சாயங்காலம் என் சட்டைய மதினிதான் தொவச்சாவ. வெளிப்பக்கத்துக்குத் திருப்பிப் பாத்தாவ. கல்லுல போட்டுத் தேய்க்காவ தேய்க்காவ, கறை போவ மாட்டேங்கு. காலைல பட்ட ரத்தம், காஞ்சு கருத்துப் போயி கெடக்கு. நான் சொன்னதோ சாயங்காலம் குத்துச்சுன்னு. ரத்தத்துக்கு மணி தெரியும்னு எனக்கு அப்பத் தெரியாது. மதினி கறையோடயே காயப் போட்டாவ.

மாசில மதினியோட அம்மா தவறிட்டாவ. ரெண்டு வருசமாப் படுக்கையாம். கண்ணுக்குள்ளயே மகள வச்சுக்கிட்டுக் கெடந்தாவளாம். துட்டிக்குப் போவ யாரும் தடை சொல்ல முடியாது. அப்பாவே பஸ் ஏத்தி விட்டாவ. மதினி தாய்வீட்டுக்குப் போறாவளேன்னு நான் சந்தோசப்பட்டேன். வரும்போது சேவு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி விட்டேன். வாங்கிட்டு வந்தாவ.

மயிலு வயித்துல குட்டி இருந்துச்சுன்னு அம்மா எங்கிட்ட சொல்லும்போது எனக்கு மீச மொளச்சிட்டு. தைல ஈனிருக்கும். மாசி பொறந்ததும் ஒரு குட்டிய மடியில கட்டிக்கிட்டு மதினி பஸ் ஏறிருப்பாவ. அப்பாவால மறிச்சிருக்க முடியாது. நாயிச் சத்தியத்துக்கு முன்னால அப்பளம் எம்மாத்திரம். அவிய அம்மா உசுரோட இருக்கும்போதே போயி நின்னிருப்பாவ. அந்த ஒரு வழியத்தான் நான் பஞ்சாரத்துக்குள்ள போட்டு மேல கல்ல வச்சது.

மலையப் போட்டும் ஏன் சாவலன்னு கேட்டீல்லா, மக்கா. அங்க கேமச் செஞ்சவன் அடிக்கவனுக்கும் ஒரு எல்ல போட்டு வச்சிருக்கான்லே, இதுக்கு மேல போவாதன்னு. இங்க பன்னிக்கு அத யாரு சொல்லுவா? மனுசனுக்கே யாரு சொன்னா?

பஞ்சாரத்தையும் குட்டியையும் உங்ககிட்டதான் சொன்னேன், பயகிட்ட பன்னி குத்துனதோட நிறுத்திட்டேன். பய போன கீழ வச்சிட்டான். "அப்ப அந்த நாயி குத்துன ஒடனே செத்துட்டா சித்தப்பா? அம்மா அப்படித்தான் சொல்லுவாவ, வலியே தெரியாமப் போயிட்டுன்னு."

"ஒடனே இல்லலே. காலைல இருந்து நாலரை மணி வரைக்கும் அது அந்த ரோட்டையே..."

கிரைண்டர் சத்தம் கேக்கல. எப்ப நின்னுச்சுன்னும் தெரியல.

"கொழுந்தனாரே." உள்ள இருந்து மதினி. "போதும். மாவு வழிக்கணும், கல்லத் தூக்க முடியல. வந்து தூக்கி விடுங்க."

வாரேன் மதினி.